யாருக்குப் போக வேண்டும் அந்த விருது?

2014 மே 5 இரவு, தெற்கு லண்டனின் செல்ஹர்ஸ்ட் பார்க் மைதானம். லிவர்பூல் 3-0 என்று முன்னணியில் இருந்தது. 1990-க்குப் பிறகு கிட்டாத லீக் பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. 79-ஆவது நிமிடத்தில் கிரிஸ்டல் பேலஸின் டேமியன் டிலேனி ஒரு கோல் போட்டார். 81-இலும் 88-இலும் டுவைட் கெய்ல் இன்னும் இரண்டு போட்டார். ஆட்டம் 3-3 என முடிந்தபோது லூயிஸ் சுவாரெஸ் சட்டையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு மைதானத்தை விட்டுப் போனார். ஆறு நாள் கழித்து மான்செஸ்டர் சிட்டி 86 புள்ளிகளோடு பட்டம் வென்றது. லிவர்பூல் 84-இல் நின்றது. அந்த சீசனின் சிறந்த பயிற்சியாளர் யார் என்ற கேள்விக்கு இங்கிலாந்து சொன்ன விடைதான் விசித்திரமானது. பிரீமியர் லீக் தன் விருதை 11-ஆம் இடத்தில் முடித்த பேலஸின் டோனி பூலிஸுக்குக் கொடுத்தது. லீக் மேலாளர்கள் சங்கம் தன் விருதை இரண்டாம் இடம் வந்த லிவர்பூலின் பிரெண்டன் ராட்ஜர்ஸுக்குக் கொடுத்தது. பட்டத்தையே வென்ற மானுவேல் பெல்லெக்ரினிக்கு இரண்டில் ஒன்றும் இல்லை. இதைக் குழப்பம் என்று பலர் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு பயிற்சியாளரின் வேலை எது என்பதில் இங்கிலாந்து அரை நூற்றாண்டாக நடத்திவந்த வழக்கு அந்த ஆண்டு வெளிப்படையாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

வழக்கின் தொடக்கம் 1966. பெல்ஸ் என்ற ஸ்காட்ச் விஸ்கியின் பெயரை நெடுங்காலம் தாங்கியிருந்த 'ஆண்டின் சிறந்த மேலாளர்' விருது அந்த ஆண்டு பிறந்தது. முதல் இரண்டு முறையும் அதைப் பெற்றவர் செல்டிக்கின் ஜாக் ஸ்டீன். கிளாஸ்கோவைச் சுற்றி முப்பது மைலுக்குள் பிறந்த பையன்களை வைத்துக்கொண்டு 1967-இல் லிஸ்பனில் இன்டர் மிலானை வீழ்த்தி ஐரோப்பியக் கோப்பையை எடுத்துவந்த மனிதர் அவர். அதில் யாருக்கும் மறுப்பு இருந்திருக்க முடியாது. அடுத்தடுத்த ஆண்டுகளில்தான் சிக்கல் தொடங்குகிறது. 1968-இல் லீக் பட்டம் ஜோ மெர்சரின் மான்செஸ்டர் சிட்டிக்கு. விருது, மியூனிக் விமான விபத்து நடந்து பத்து ஆண்டுகளில் ஐரோப்பியக் கோப்பையை வென்ற மாட் பஸ்பிக்கு. 1970-இல் ஹாரி கேட்டரிக்கின் எவர்டன் ஒன்பது புள்ளி வித்தியாசத்தில் பட்டம் வென்றது. விருது, லீக், எஃப்.ஏ. கோப்பை, ஐரோப்பியக் கோப்பை மூன்றையும் துரத்தி மூன்றையும் கோட்டைவிட்ட லீட்ஸின் டான் ரெவிக்கு. 1972-இல் பிரையன் கிளஃப் டெர்பி கவுன்டியை முதன்முறையாக லீக் சாம்பியனாக்கினார். அப்போதும் விருது எஃப்.ஏ. கோப்பையை வென்ற ரெவிக்கே போனது. டெர்பி மாதிரி ஓர் ஊர் கிளப்பை உச்சிக்குக் கொண்டுபோனவரைத் தாண்டிப் போனது அநியாயம் என்றே நினைக்கிறேன். ஆனாலும் அந்தக் காலத்துத் தேர்வாளர்கள் புள்ளிப் பட்டியலின் முதல் வரியோடு நின்றுவிடவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அவர்களுடைய மிகத் துணிச்சலான முடிவு 1974-இல் வந்தது. அந்த சீசனில் ரெவியின் லீட்ஸ் முதல் 29 லீக் ஆட்டங்களில் தோற்கவே இல்லை, பட்டமும் அவர்களுக்குத்தான். விருது போன இடமோ இரண்டாம் டிவிஷன். அதே லீட்ஸில் ரெவியிடம் ஆடி ஓய்வுபெற்று, மேலாளர் வேலையில் முதல் ஆண்டை மட்டுமே கழித்திருந்த ஜாக் சார்ல்டனுக்கு அதைக் கொடுத்தார்கள். வெற்றிக்கு இரண்டே புள்ளி தரப்பட்ட காலத்தில் அவருடைய மிடில்ஸ்பரோ 65 புள்ளி எடுத்தது. இரண்டாவதாக வந்த லூட்டனுக்கு 50. முதல் டிவிஷனுக்கு வெளியே இருந்த ஒருவர் இந்த விருதைப் பெற்றது அதுவே முதல் முறை. மறு ஆண்டும் அதேபோல, ஆஸ்டன் வில்லாவை முதல் டிவிஷனுக்கு உயர்த்திய ரான் சாண்டர்ஸ் பெற்றார்.

அப்புறம் ஒரு நீண்ட மௌனம். 1976 முதல் 1992 வரை 17 ஆண்டுகள் லீக் பட்டம் யாருக்கோ விருதும் அவருக்கே. லிவர்பூலின் பாப் பெய்ஸ்லி ஆறு முறை லீக் வென்றார், ஆறு முறை விருதும் பெற்றார். அவர் ஐரோப்பியக் கோப்பை வென்றும் லீக்கைத் தவறவிட்ட 1978-இலும் 1981-இலும் விருது அவரைவிட்டு உள்நாட்டுச் சாம்பியனிடம் போய்விட்டது. தேர்வாளர்கள் சோம்பிவிட்டார்கள் என்று இதற்குக் காரணம் சொல்வது எளிது. எனக்கு அது முழுக்கச் சரியாகப் படவில்லை. 1978-இல் வென்ற கிளஃப், முந்தைய ஆண்டுதான் நாட்டிங்காம் ஃபாரஸ்ட்டை இரண்டாம் டிவிஷனிலிருந்து மூன்றாம் இடத்தில் மேலே கொண்டுவந்திருந்தார். 1981-இல் சாண்டர்ஸ் ஆஸ்டன் வில்லாவுக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்தபோது சீசன் முழுவதற்கும் பயன்படுத்திய ஆட்டக்காரர்கள் 14 பேர்தான். அப்படிப்பட்ட பட்டம் தானே சாட்சி சொல்லும். வேறு அளவுகோல் தேவைப்படவில்லை. ஆனால் தேவைப்படாத அளவுகோல் மறந்தும் போகும். பட்டத்தின் நிழலாக ஒரு விருது 17 ஆண்டு இருந்தபின், அது எதை அளக்கிறது என்று கேட்கும் பழக்கமே விட்டுப்போயிற்று.

1992-இல் பிரீமியர் லீக் வந்தது, தொலைக்காட்சிப் பணம் வந்தது, பெரிய கிளப்புக்கும் சிறிய கிளப்புக்கும் இடையே இருந்த சம்பள இடைவெளி பள்ளத்தாக்காயிற்று. ஒரு சீசனின் இறுதி இடத்தைச் சம்பளப் பட்டியலை வைத்தே பெருமளவு ஊகித்துவிடலாம் என்று 'சாக்கர்னாமிக்ஸ்' நூலில் சைமன் கூப்பரும் ஸ்டெஃபான் சிமான்ஸ்கியும் காட்டினார்கள். பல ஆண்டுச் சராசரியை எடுத்தால் இடங்களின் ஏற்றத்தாழ்வில் பத்தில் ஒன்பது பங்கைச் சம்பளமே விளக்கிவிடுகிறது. அப்படியானால் பயிற்சியாளரின் பங்கு மிச்சமிருக்கும் சிறு பகுதியில்தான் இருக்கிறது. இதைப் புள்ளிவிவரம் இல்லாமலே அறிந்திருந்தவர்கள் சக மேலாளர்கள். அவர்களே வாக்களித்துத் தரும் விருது 1993-இல் தொடங்கியது. அந்த ஆண்டு அலெக்ஸ் ஃபெர்குசன் மான்செஸ்டர் யுனைடெட்டின் 26 ஆண்டு லீக் பஞ்சத்தைத் தீர்த்திருந்தார். வாக்குகள் ஷெஃபீல்ட் யுனைடெட்டின் டேவ் பாசெட்டுக்கு விழுந்தன. அடுத்து விம்பிள்டனின் ஜோ கின்னியர், பிறகு ஃபிராங்க் கிளார்க், பீட்டர் ரீட், டேனி வில்சன், டேவ் ஜோன்ஸ். முதல் ஆறு ஆண்டுகளில் ஒரு சாம்பியன்கூட இல்லை. 1999-இல் மூன்று கோப்பைகளை ஒரே சீசனில் வென்ற பிறகுதான் ஃபெர்குசனுக்கே அவர்கள் கொடுத்தார்கள். பிரீமியர் லீக்கின் சொந்த விருதை அவர் மொத்தம் 11 முறை பெற்றார். ஒரே தொழிலை வெளியிலிருந்து பார்ப்பவர்களும் உள்ளிருந்து பார்ப்பவர்களும் எவ்வளவு வேறாக எடைபோடுகிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தெரியவில்லை.

பணத்தைக் கழித்துப் பார்க்க வேண்டும் என்பது சரி. ஆனால் நடைமுறையில் அது வேறொன்றாக மாறிவிட்டது: எதிர்பார்த்ததைவிட யார் மேலே முடித்தார்களோ அவருக்கே விருது. இங்கேதான் நான் முரண்படுகிறேன். எதிர்பார்ப்பு என்பது பத்திரிகையாளர்களும் பந்தயக்காரர்களும் ஆகஸ்டில் போட்ட கணக்கு. அந்தக் கணக்கு தவறினால் தவறு கணக்குப் போட்டவர்களுடையது. அதைப் பயிற்சியாளரின் வரவில் வைக்க முடியாது. 2012-இல் நியூகாசிலை ஐந்தாம் இடத்தில் நிறுத்திய ஆலன் பார்ட்யூ இரண்டு விருதுகளையும் பெற்றார். அந்த அணியின் உயிராக இருந்த டெம்பா பா, யோஹான் கபாய், பாபிஸ் சிஸ்ஸே போன்றவர்களைத் தேடிப் பிடித்ததில் தலைமை ஆள்தேர்வாளர் கிரஹாம் காருக்குப் பெரும் பங்கு உண்டு. பார்ட்யூ நல்ல வேலை செய்தார், ஐயமில்லை. ஆனால் அந்த வியப்பில் எந்தப் பகுதி அவருடையது என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. கிளப் அவருக்கு எட்டாண்டு ஒப்பந்தம் கொடுத்தது. அடுத்த சீசனில் அணி 16-ஆம் இடத்துக்கு இறங்கியது.

அடுத்த ஆண்டு சரிந்ததை வைத்து முந்தைய ஆண்டின் விருதைக் குறை சொல்லலாமா என்று கேட்டால், கூடாது. விருது ஒரு சீசனுக்கானது. ஜார்ஜ் பர்லி 2001-இல் அப்போதுதான் மேலே வந்திருந்த இப்ஸ்விச்சை ஐந்தாம் இடத்தில் நிறுத்தினார், மறு ஆண்டே கிளப் கீழே போனது. முதல் ஆண்டின் உழைப்பு அதனால் அழிந்துவிடாது. என் வாதம் பின்னால் நடந்ததைப் பற்றியது இல்லை. அந்த சீசனுக்குள்ளேயே, இன்ன முடிவை இந்த மனிதர் எடுத்தார், அதன்பின் களத்தில் இன்னது மாறியது என்று விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும். அந்தத் தடம் இருக்கும் இடத்துக்கே விருது போக வேண்டும்.

2016-இல் கிளாடியோ ரனியேரியை எடுத்துக்கொள்வோம். லெஸ்டர் சாம்பியனானதை 5000-க்கு ஒன்று என்ற பந்தயக் கதையாகவே உலகம் நினைவு வைத்திருக்கிறது. அந்தக் கதை அவருக்குச் செய்யும் அநீதி பெரிது. முந்தைய சீசனின் முடிவில் மூன்று நடுத் தற்காப்பாளர்களோடு ஆடிய அணியை அவர் பழைய 4-4-2 வடிவத்துக்கு மாற்றினார். செப்டம்பரில் ஆர்சனலிடம் 5-2 என்று தோற்றதும் இரு பக்கத் தற்காப்பாளர்களையும் எடுத்துவிட்டு டேனி சிம்ப்சனையும் கிறிஸ்டியான் ஃபூக்ஸையும் இறக்கினார். முதல் ஒன்பது ஆட்டங்களில் ஒன்றில்கூடக் கோல் வாங்காமல் தப்பாத அணி அது. ஒரு ஆட்டத்தில் கோல் விடாமல் இருந்தால் பீட்சா வாங்கித் தருகிறேன் என்று ரனியேரி சொல்லியிருந்தார், பத்தாவது ஆட்டத்தில் அது நடந்தது. மார்ச்சிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் அதே அணி அடுத்தடுத்து நான்கு ஆட்டங்களை 1-0 என்று வென்றது. பட்டம் வாங்கிக் கொடுத்தது அந்த இறுக்கமான தற்காப்பு. அதில் அதிர்ஷ்டமும் உண்டு, என்கோலோ கான்டேயைக் கண்டெடுத்த ஸ்டீவ் வால்ஷின் கண்ணும் உண்டு. ஆனால் மேலே சொன்ன முடிவுகள் ரனியேரியுடையவை. ஒன்பது மாதத்தில் அவரை வேலையைவிட்டு அனுப்பினார்கள் என்பதால் அவை இல்லாமல் போகாது.

இதே கண்ணோடு பார்த்தால் பூலிஸுக்குக் கொடுத்தது சரியான முடிவு. 2013 நவம்பரில் அவர் பொறுப்பேற்றபோது பேலஸ் 12 ஆட்டங்களில் 7 புள்ளி. மீதி 26 ஆட்டங்களில் 38 புள்ளி எடுத்தது. ஜனவரியில் ஸ்காட் டானையும் ஜோ லெட்லியையும் வாங்கினார்களே என்று மறுக்கலாம். வாங்கினார்கள், ஆனால் அடிமட்டத்தில் தவிக்கும் ஒவ்வொரு கிளப்பும் ஜனவரியில் வாங்கத்தான் செய்கிறது. சீசன் முடிவில் பேலஸ் போட்ட கோல் 33 மட்டுமே. வாங்கிய கோல் 48. பட்டத்துக்குப் போட்டியிட்ட லிவர்பூல் வாங்கியதோ 50. கோல் அடிக்கத் தெரியாத அணியை வரிசை குலையாமல் நிற்கக் கற்றுக்கொடுத்து, செல்சியையும் எவர்டனையும் உள்ளடக்கிய ஐந்து தொடர் வெற்றிகளுக்கு அழைத்துப் போனது பயிற்சி மைதானத்தில் நடந்த வேலை. ராட்ஜர்ஸின் தடமும் தெளிவானதுதான்: ஏழாம் இடத்து அணியை 101 கோல் போடும் அணியாக மாற்றினார். ஆனால் அவரிடம் 31 கோல் போட்ட சுவாரெஸ் இருந்தார், ஐரோப்பியப் போட்டிகளின் களைப்பும் இல்லை. இருவருக்கும் இடையே நான் பூலிஸையே தேர்ந்தெடுப்பேன்.

மேலாளரின் பெயரில் எழுதப்படும் வேலை பலருடையது என்ற மறுப்புதான் கனமானது. 1971-இல் ஆர்சனல் லீக்கையும் எஃப்.ஏ. கோப்பையையும் வென்றபோது விருது பெர்டி மீக்குக் கிடைத்தது. அவர் கிளப்பின் உடற்சிகிச்சையாளராக இருந்து மேலாளரானவர். களத்துப் பயிற்சியை நடத்தியவர் டான் ஹவ். தடம் யாருடையது? ஹவ்வை அந்த இடத்தில் வைத்து, குறுக்கே போகாமல் இருந்தது மீயின் முடிவு. அதுவும் ஒரு திறமை. இருந்தாலும் அந்த விருதில் இரண்டு பெயர் இருந்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். இப்போதும் அதற்கு வழியுண்டு: வாக்களிப்பவர்கள் பெயரோடு காரணத்தையும் எழுதட்டும், அந்தக் காரணங்கள் அச்சில் வரட்டும். எந்த முடிவுக்காகக் கொடுத்தோம் என்று எழுத உட்கார்ந்தால் அந்த முடிவை எடுத்தவர் யார் என்ற கேள்வி தானாக வரும்.

பணக்கார கிளப்பின் பயிற்சியாளர் இந்தக் கணக்கில் எப்போதும் தோற்றுப்போவார் என்றும் சொல்வார்கள். 2019 அதற்கு நல்ல சோதனை. பெப் கார்டியோலாவின் சிட்டி கடைசி 14 ஆட்டங்களையும் வென்று 98 புள்ளி எடுத்தது. கெவின் டி புருய்னே சீசனின் பாதிக்குக் களத்திலேயே இல்லை. ஒரே ஒரு ஆட்டத்தில் தோற்ற யூர்கன் க்ளாப்பின் லிவர்பூல் 97. இவ்வளவு புள்ளியைப் பணம் மட்டுமே வாங்கித் தந்ததில்லை. பிரீமியர் லீக் கார்டியோலாவுக்குக் கொடுத்ததை நான் குறை சொல்ல மாட்டேன். சக மேலாளர்கள் வேறிடத்தைப் பார்த்தார்கள். 2016-இல் மூன்றாம் அடுக்கில் கிடந்த ஷெஃபீல்ட் யுனைடெட்டை எடுத்து, மூன்றே சீசனில் பிரீமியர் லீக்குக்குக் கொண்டுவந்த கிரிஸ் வைல்டருக்கு வாக்களித்தார்கள். மூன்று நடுத் தற்காப்பாளர்களில் ஓரத்தில் நிற்கும் இருவர், ஜாக் ஓ'கானலும் கிரிஸ் பாஷமும், பந்து தங்கள் அணியிடம் வந்ததும் பக்கவாட்டில் ஓடி எதிரணியின் கோல் எல்லை வரை போனார்கள். நடுத் தற்காப்பாளர்கள் அப்படி ஓடுவதை இங்கிலாந்து அதற்குமுன் வழக்கமாகப் பார்த்ததில்லை. எதிரணிப் பயிற்சியாளர்கள் அவர்களை யார் பிடிப்பது என்று தெரியாமல் வாரம் வாரம் திணறினார்கள். வாக்களித்தவர்களில் அப்படித் திணறியவர்களும் இருந்தார்கள். அந்த ஆண்டு இரண்டில் ஒன்றுதான் என்றால், நான் அவர்களோடு நிற்பேன்.