அரியூரும் கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியும்

புதுச்சேரியின் வில்லியனூர் கொம்யூனில், விழுப்புரம் சாலையை ஒட்டி, நெல்லும் கரும்பும் விளையும் வயல்களுக்கு நடுவே அமைந்த அரியூருக்கு அண்டையிலேயே ஒரு காலத்தில் பிரெஞ்சு எல்லை முடிந்து ஆங்கிலேயரின் தென்னாற்காடு ஜில்லா தொடங்கிற்று. எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் வாழ்ந்த குடியானவர்களுக்குக் கடும் வியாதி நேர்ந்தபோது, அவர்கள் நாடிய சாஸ்திரீய வைத்தியம் எங்கிருந்து வந்தது, அதற்கு விலை கொடுத்தவர் யார் என்பது ஆராயத்தக்கது.

1823-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசாங்கம் புதுச்சேரியில் நிறுவிய வைத்தியப் பள்ளியே அதற்கு மூலம். அந்நிய ஆட்சியின் நோக்கங்கள் எவையாயினும், சுதேச மாணவர்களை வைத்தியராக்கும் பொறுப்பு அரசாங்கத்துடையது என்ற மரபு அன்றே இங்கு வேரூன்றிவிட்டது. 1954-இல் ஆட்சி கைமாறிய பின், அப்பள்ளி 1956-இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாகி, 1964-இல் ஜிப்மர் என்னும் பெயர் பூண்டு, கோரிமேட்டில் பெருவிருட்சமாய் வளர்ந்தது. பணம் செலுத்தச் சக்தியில்லை என்பதற்காக எவருக்கும் சிகிச்சை மறுக்கப்படலாகாது என்று, ஆ. லட்சுமணசாமி முதலியாரும் அங்கம் வகித்த, நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த ‘போர்’ (Bhore) கமிட்டி 1946-இல் வகுத்த கொள்கையை, கட்டணமின்றியோ சொற்பக் கட்டணத்திலோ சிகிச்சையளித்துப் பெருமளவுக்கு மெய்ப்பித்த ஸ்தாபனம் அது.

சிகிச்சைக்கு விலை கொடுக்கும் மற்றொரு வழியான காப்பீட்டின் சரித்திரம் வேறு. 1948-ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டம் ஆலைத் தொழிலாளிக்குப் பெருந்துணையாயிற்று என்பதில் ஐயமில்லை. ஆனால் சர்க்கரை உற்பத்தி முதலிய பருவகாலத் தொழிற்சாலைகளை அச்சட்டம் விலக்கி வைத்தது. வயலில் கரும்பு வெட்டுபவரோ எந்த ஆலையின் பதிவேட்டிலும் இல்லாதவர். சர்க்கரை ஆலையும் கரும்பு வயலும் சூழ்ந்த அரியூர்போன்ற ஊருக்கு அந்த விலக்கு எவ்வளவு பெரிதென்று சொல்ல வேண்டியதில்லை.

1986-இல் மெடிக்ளெய்ம் என்னும் மருத்துவக் காப்பீடு வந்தது. 1999-ஆம் ஆண்டுக் காப்பீட்டு ஒழுங்குமுறைச் சட்டத்துக்குப் பின் தனியார் நிறுவனங்களும் வந்தன. வயது ஏற ஏறப் பிரீமியமும் ஏறுகிறது. முன்பே உள்ள நோய்க்கு மூன்றாண்டு வரை காத்திருக்கச் சொல்லலாம். மருத்துவக் காப்பீட்டையே தனித்தொழிலாக நடத்தும் நிறுவனம், 2023-இல் வகுக்கப்பட்ட வரம்பின்படி, தரகும் நிர்வாகச் செலவுமாகப் பிரீமிய வருமானத்தில் 35 விழுக்காடு வரை செலவிடலாம். நோயாளியின் படுக்கையை எட்டுமுன்னரே இத்துணைப் பொருள் கரைய இடமளிக்கும் ஏற்பாட்டை, உழைப்பாளிக் குடும்பத்துக்குச் சிக்கனமான வழியென்று என்னால் ஒப்ப இயலவில்லை.

2018-இல் மத்திய அரசு தொடங்கிய திட்டம் ஏழைக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை காப்பளிக்கிறது. பிரீமியச் சுமையும் குடும்பத்தின்மேல் விழுவதில்லை. அரியூரிலேயே இன்று ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் நிற்கிறது. எனினும் அத்திட்டம் உள்நோயாளியாகச் சேர்ந்தவருக்கே உதவுவது. நீரிழிவுக்கு மாதந்தோறும் விழுங்கும் மாத்திரையும், இரத்தக்கொதிப்புக்கு ஆயுள் முழுதும் வேண்டிய மருந்தும் அதன் வரம்புக்குப் புறம்பானவை; அவற்றுக்காக ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கோரிமேட்டிலும் வரிசையில் நிற்கும் முதியவர்களை, எந்த இன்ஷ்யூரன்ஸ் அட்டையும் இன்னும் அவ்வரிசையிலிருந்து விடுவிக்கவில்லை.