சிறைப் பாலியல் வன்கொடுமை ஒழிப்புச் சட்டம்

அமெரிக்கச் சிறைகளில் இருப்போரைப் பாலியல் கொடுமையிலிருந்து காக்க இயற்றப்பட்ட கூட்டாட்சிச் சட்டம் இது. நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் எதிர்ப்பின்றி நிறைவேறியது. 2003 செப்டம்பர் 4 அன்று அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கையெழுத்திட்டார்.

இதற்கு முன்னோடி, 1994ஆம் ஆண்டின் ‘ஃபார்மர் எதிர் பிரென்னன்’ தீர்ப்பு. ஆண்கள் சிறையில் அடைக்கப்பட்டுத் தாக்குதலுக்கு ஆளானதாக ஒரு திருநங்கை தொடுத்த வழக்கு அது. பெரும் ஆபத்து இருப்பது தெரிந்தும் அதிகாரிகள் கைகட்டி நின்றால், கொடூர தண்டனையைத் தடைசெய்யும் எட்டாவது அரசியலமைப்புத் திருத்தத்தை அவர்கள் மீறியவர்களாவர் என உச்ச நீதிமன்றம் கூறியது. சிறையில் தாக்கப்படுவது எந்தக் குற்றவாளிக்கும் விதிக்கப்பட்ட தண்டனையின் பகுதியல்ல.

சட்டத்தின்படி நீதித்துறை 2012இல் விதிமுறைகளை வெளியிட்டது. 18 வயதுக்குட்பட்டோரைப் பெரியவர்களிடமிருந்து பிரித்து வைக்க வேண்டும். சிறைக்கு வெளியிலுள்ள அமைப்பிடம் புகார் செய்ய வழி வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு மருத்துவப் பரிசோதனை இலவசம். மூன்றாண்டுக்கு ஒருமுறை தணிக்கை உண்டு. விதிகளைப் பின்பற்றாத மாநிலம் சிறை சார்ந்த கூட்டாட்சி மானியங்களில் 5 சதவீதத்தை இழக்க நேரிடும்.

ஆயினும் காவலரே கொடுமை செய்தால்?

கலிஃபோர்னியாவின் டப்ளின் பெண்கள் சிறையில் அதுதான் நடந்தது. கைதிகளைப் பாலியல் கொடுமைக்கு உள்ளாக்கியதாக அதன் தலைமை அதிகாரியே 2022 டிசம்பரில் குற்றவாளியென உறுதியானார். பல ஊழியர்களும் தண்டனை பெற்றனர். 2024இல் அச்சிறை மூடப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில், பாதிக்கப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ஏறத்தாழ 11.6 கோடி டாலர் இழப்பீடு வழங்க அரசு ஒப்புக்கொண்டது.