சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கக் குடில்கள்

சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கக் குடில்கள் என்பவை, ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள சான் பிரான்சிஸ்கோ நகரில் 1906 ஏப்ரல் 18 அன்று ஏற்பட்ட நிலநடுக்கத்திலும் அதைத் தொடர்ந்த தீயிலும் வீடிழந்தோருக்காகக் கட்டப்பட்ட சிறு மரவீடுகள் ஆகும். மொத்தம் 5,610 குடில்கள் கட்டப்பட்டன. பெயர் நிலநடுக்கத்தைக் குறித்தாலும், பெரும்பாலான வீடுகளை அழித்தது தீயே.

பின்னணி

நிலநடுக்கத்தால் நகரின் நீர்க்குழாய்கள் உடைந்தமையால் தீயை அணைக்க இயலவில்லை. ஏறத்தாழ 28,000 கட்டடங்கள் அழிந்தன. சுமார் 4 இலட்சம் மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர். பலர் விரிகுடாவைக் கடந்து ஓக்லாந்து முதலிய ஊர்களுக்குச் சென்றனர். ஏனையோர் கோல்டன் கேட் பூங்கா, பிரெசிடியோ படைத்தளம் ஆகிய இடங்களில் கூடாரங்களில் தங்கினர். சைனாடவுன் பகுதியிலிருந்து வெளியேறிய சீனர்கள் தனி முகாமில் ஒதுக்கப்பட்டு, குறுகிய காலத்திற்குள் பலமுறை இடம் மாற்றப்பட்டனர்.

இந்நகரில் மழை பெய்வது குளிர்காலத்தில்தான். அதுவரை கூடாரங்கள் தாங்கா என்பதால், 1906 செப்டம்பரில் குடில்களைக் கட்டும் பணி தொடங்கியது. நிவாரணக் குழு, நகரப் பூங்கா ஆணையம், இராணுவம் ஆகியவை இதில் பங்கெடுத்தன.

அமைப்பு

குடில்கள் பல அளவுகளில் அமைந்தன. சிறியது 10 அடிக்கு 14 அடி. அதாவது 140 சதுர அடி மட்டுமே. மற்றொரு வகை 14 அடிக்கு 18 அடி. சுவர்கள் ரெட்வுட் மரப்பலகையால் ஆனவை. பூங்கா இருக்கைகளுக்குப் பூசப்படும் பச்சை வண்ணமே இவற்றுக்கும் பூசப்பட்டது. உள்ளே குழாய்நீரோ கழிப்பறையோ கிடையாது. இவை முகாமில் பொதுவாக இருந்தன.

வாடகையும் உடைமையும்

நிவாரண உதவி அனைவருக்கும் ஒரே வகையில் கிடைக்கவில்லை. எரிந்த பகுதியில் மீண்டும் வீடு கட்டிய நில உரிமையாளருக்குச் செலவில் மூன்றில் ஒரு பங்கு, 500 டாலருக்கு மிகாமல், ரொக்கமாக வழங்கப்பட்டது. வாடகை வீட்டில் குடியிருந்தோருக்கு மீட்டுக்கட்ட ஏதுமில்லை. நகரில் எஞ்சிய வீடுகளின் வாடகையோ கடுமையாக உயர்ந்திருந்தது. இத்தகையோருக்கே குடில்கள் பெரிதும் பயன்பட்டன.

குடியிருப்போர் மாதம் 2 டாலர் செலுத்தினர். இத்தொகை குடிலின் விலையான 50 டாலரில் கழிக்கப்பட்டது. முகாம்கள் பொதுப் பூங்காக்களில் இருந்தமையால், குடிலைப் பெற்றவர் அதை அங்கிருந்து அகற்றியாக வேண்டும். எனவே மக்கள் நகரின் ஓரங்களில் மலிவான மனைகளை வாங்கியோ குத்தகைக்கு எடுத்தோ, குதிரைகள் பூட்டிய வண்டிகளில் வீட்டை முழுமையாக ஏற்றிச் சென்றனர். இரண்டு மூன்று குடில்களை ஒட்டவைத்து ஒரே வீடாக்கியோரும் உண்டு. அதற்கு முன் சொந்த வீடே இல்லாத பல தொழிலாளர் குடும்பங்கள் இவ்வாறு வீட்டு உரிமையாளர் ஆயின. கடைசி முகாமான லோபோஸ் சதுக்கம் 1908 சூனில் மூடப்பட்டது.

எஞ்சியவை

பெரும்பாலானவை பிற்காலத்தில் இடிக்கப்பட்டன. எஞ்சியவற்றுட் பல, பின்னர் சேர்க்கப்பட்ட அறைகளுக்கும் புதிய சுவர்ப்பூச்சுக்கும் உள்ளே மறைந்திருப்பதால் அடையாளம் காண்பது எளிதன்று. பெர்னல் ஐட்ஸ், சன்செட் பகுதிகளில் சில அறியப்பட்டுள்ளன. 24ஆம் அவென்யூவில் பல குடில்களை இணைத்து அமைந்த வீடு ஒன்று 1984 இல் நகரின் வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. பிரெசிடியோவில் இரு குடில்கள் பாதுகாக்கப்பட்டன.