வானூர்தி நிறுவனங்களும் இடஞ்சார் நகர்பேசி விளையாட்டுகளும்

இடஞ்சார் நகர்பேசி விளையாட்டு என்பது, விளையாடுபவர் நேரில் நிற்கும் இடத்தையே ஆட்டக்களமாகக் கொண்ட விளையாட்டு ஆகும். நகர்பேசியில் உள்ள ஜிபிஎஸ் கருவி அவ்விடத்தைக் கணித்து விளையாட்டுச் செயலிக்குத் தெரிவிக்கிறது. குறிப்பிட்ட கடைக்கோ, பூங்காவுக்கோ, விமான நிலையத்துக்கோ நேரில் சென்றால்தான் புள்ளியும் பரிசும் கிட்டும். மக்களை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டு செல்வதைத் தொழிலாகக் கொண்ட வானூர்தி நிறுவனங்கள் சில, 2010 ஆம் ஆண்டு முதல் இத்தகைய விளையாட்டுகளையும் சேவைகளையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்தியுள்ளன.

செயற்படும் முறை

உணவகம், கடை போன்ற கூட்டாளிகளுக்கு நிலையான முகவரி உண்டு. 2016 சூலை 22 இல் ஜப்பானில் போக்கிமான் கோ வெளியானபோது, அந்நாட்டின் ஏறத்தாழ 2,900 மெக்டொனால்ட்ஸ் உணவகங்கள் விளையாட்டின் வரைபடத்தில் ஆட்ட இடங்களாகச் சேர்க்கப்பட்டன. விளையாட வந்தவர் உணவும் வாங்கக்கூடும் என்பதே இதன் வணிக நோக்கம்.

வானூர்தி நிறுவனத்தின் நிலை வேறு. அதன் விற்பனைப் பொருளான பயணம் வரைபடத்தில் ஒரு புள்ளியில் நிற்பதில்லை. மேலும், நடப்பவர்களுக்காக அமைக்கப்பட்ட போக்கிமான் கோ போன்ற விளையாட்டுகள், வாகன விபத்துகளைத் தவிர்க்கும் பொருட்டு, விரைவாக நகரும் பயனரின் ஆட்டத்தைக் கட்டுப்படுத்துகின்றன. எனவே வானூர்திக்குள் இவ்விளையாட்டை முறையாக ஆட இயலாது. இதனால் இத்தகைய முயற்சிகள் பெரும்பாலும் பயணத்தின் இரு முனைகளிலேயே அமைகின்றன. ஒன்று பயணி புறப்படும் ஊர் அல்லது விமான நிலையம். மற்றொன்று அவர் சென்று சேரும் சுற்றுலா இடம்.

வரலாறு

டென்னிசு குரோவ்லியும் சென்னையில் பிறந்த நவீன் செல்வதுரையும் தொடங்கிய போர்ஸ்குயர் சேவை 2009 மார்ச்சில் வெளியானது. பயனர் தாம் இருக்கும் இடத்தை அதில் 'வருகைப் பதிவு' செய்வார். அடிக்கடி பதிவு செய்தவருக்குப் பதக்கங்களும், அவ்விடத்தின் 'மேயர்' என்ற பட்டமும் வழங்கப்பட்டன.

2010 சூனில், லூப்ட் என்ற அமெரிக்க நிறுவனம் லூப்ட் ஸ்டார் என்ற இடஞ்சார் விளையாட்டை வெளியிட்டது. வெர்சின் அமெரிக்கா நிறுவனம் மெக்சிக்கோவுக்கான தனது சேவையை விளம்பரப்படுத்த இதனுடன் கூட்டுச் சேர்ந்தது. 2010 ஆகத்து 31 இல், கலிபோர்னியாவில் மெக்சிக்கோ உணவான டாக்கோவை விற்கும் குறிப்பிட்ட வண்டிகளுக்குச் சென்று வருகைப் பதிவு செய்தவர்களுக்கு, ஒரு பயணச்சீட்டின் விலையில் இரண்டு பெறும் சலுகை அளிக்கப்பட்டது. புறப்படும் ஊரிலேயே ஆட்டத்தை அமைத்ததற்கு இது எடுத்துக்காட்டாகும்.

அதே ஆண்டு நவம்பரில், டச்சு நிறுவனமான கேஎல்எம், ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிப்போல் விமான நிலையத்தில் 'கேஎல்எம் சர்ப்ரைஸ்' என்ற முயற்சியை மேற்கொண்டது. போர்ஸ்குயரிலும் டுவிட்டரிலும் தம் வருகையைத் தெரிவித்த பயணிகளின் பொதுப் பதிவுகளை ஊழியர்கள் படித்து, அவரவர் விருப்பத்துக்கு ஏற்ற சிறு பரிசை நேரில் கொண்டு சென்று கொடுத்தனர்.

சேருமிடத்தை முன்னிறுத்தும் முறை 2020களில் வளர்ந்தது. வானூர்திகளில் போக்கிமான் உருவங்களைத் தீட்டும் வழக்கம் ஜப்பானின் ஏஎன்ஏ நிறுவனத்தில் 1998 லேயே தொடங்கியிருந்தது. 2021 சூனில் ஸ்கைமார்க் நிறுவனம், ஒக்கினாவாத் தீவுக்கான பயணத்தை ஊக்குவிக்கும் வகையில், பிக்காச்சு உருவம் தீட்டிய வானூர்தியைச் சேவையில் ஈடுபடுத்தியது. இத்திட்டத்தின் பெயரான 'ஏர் அட்வென்ச்சர்ஸ்' என்பதையே கொண்டு 2022 மே மாதம் போக்கிமான் கோவில் ஒரு நிகழ்வு நடந்தது. ஒக்கினாவாவின் கரியுசிச் சட்டை அணிந்த பிக்காச்சு அதில் இடம்பெற்றது. 2024 இல் கருடா இந்தோனேசியா நிறுவனமும் பிக்காச்சு வானூர்தியை இயக்கத் தொடங்கியது. அவ்வாண்டில் விளையாட்டின் இந்தோனேசிய நிகழ்வுகளில் பத்திக்குச் சட்டை அணிந்த பிக்காச்சு தோன்றியது.

சிக்கல்கள்

இம்முயற்சிகளில் பயனர் பெறுவது பரிசு. தருவது தம் இருப்பிடத் தகவல். விமான நிலையத்தில் வருகைப் பதிவு செய்வது, வீட்டில் இல்லை என்று ஊருக்கு அறிவிப்பதும் ஆகும். இந்த ஆபத்தைச் சுட்டிக்காட்ட 2010 பெப்ரவரியில் நெதர்லாந்தில் 'பிளீஸ் ராப் மீ' என்ற வலைத்தளம் உருவாக்கப்பட்டது. அது புதிய தகவல் எதையும் திரட்டவில்லை. பயனர்கள் தாமாகவே பொதுவில் வெளியிட்ட பதிவுகளையே தொகுத்துக் காட்டியது. கேஎல்எம் ஊழியர்கள் பரிசளிக்கப் படித்தவையும் இவ்வகைப் பொதுப் பதிவுகளே.

மற்றொரு சிக்கல் பொய்யான இருப்பிடம். ஜிபிஎஸ் தகவலை மாற்றி, செல்லாத இடத்துக்குச் சென்றதாகக் காட்ட முடியும். பரிசின் மதிப்பு கூடக் கூட இதற்கான தூண்டுதலும் கூடுகிறது. போர்ஸ்குயர் 2010 லேயே போலி வருகைப் பதிவுகளைத் தடுக்கும் நடைமுறையைக் கொண்டுவந்தது.

இச்சேவைகளின் ஆயுளும் உறுதியானதன்று. லூப்ட் 2012 இல் கிரீன் டாட் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. வெர்சின் அமெரிக்கா, அலாஸ்கா ஏர்லைன்சுடன் இணைக்கப்பட்டு, 2018 ஏப்ரலில் தன் பெயரிலான பறப்புகளை நிறுத்தியது. போர்ஸ்குயரின் வருகைப் பதிவு 2014 இல் சுவார்ம் என்ற தனிச் செயலிக்கு மாற்றப்பட்டது. போக்கிமான் கோவை உருவாக்கிய நியான்டிக், 2025 இல் தன் விளையாட்டுப் பிரிவை ஸ்கோப்லி நிறுவனத்துக்கு விற்றது. இவ்வாறு உரிமை கைமாறும்போது பயனர் கணக்குகளும் புதிய உரிமையாளரிடம் செல்கின்றன. ஆகவே, ஒரு பரிசுக்காகத் தரப்பட்ட இருப்பிடத் தகவல், பரிசளித்த நிறுவனம் மறைந்த பின்னும் எங்கேனும் எஞ்சியிருக்கக்கூடும்.