தரவுத் தக்கவைப்பு உத்தரவு (ஐரோப்பிய ஒன்றியம்)

தொலைபேசி, இணையச் சேவை நிறுவனங்கள் வாடிக்கையாளர் அனைவரின் தொடர்புப் பதிவுகளையும் குறிப்பிட்ட காலம் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும் என்று விதித்த ஐரோப்பிய ஒன்றியச் சட்டம். 2004இல் மாட்ரிட்டிலும் 2005இல் லண்டனிலும் குண்டுகள் வெடித்ததைத் தொடர்ந்து, 2006 மார்ச் 15 அன்று பிறப்பிக்கப்பட்டது. அதுவரை, பில் போடுவது போன்ற தேவைகள் முடிந்ததும் பதிவுகளை அழித்துவிட வேண்டும் என்பதே பொது விதி. உத்தரவு அதைத் தலைகீழாக்கியது.

யார் யாரை அழைத்தார், எப்போது, எவ்வளவு நேரம், கைப்பேசி எந்தக் கோபுரத்தின் எல்லைக்குள் இருந்தது, இணையத்தில் நுழைந்தவருக்கு எந்த ஐ.பி. முகவரி கிடைத்தது ஆகியவற்றைக் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 2 ஆண்டு சேமிக்க வேண்டியிருந்தது. பேசியதையும் எழுதியதையும் சேமிக்கக் கூடாது என்றிருந்தது. உள்ளடக்கம் இல்லாததால் அந்தரங்கத்துக்குப் பெரிய பாதிப்பில்லை என்று ஆதரவாளர்கள் வாதிட்டனர்.

அந்த வாதம் எவ்வளவு பலவீனமானது என்பதை ஜெர்மனியின் பசுமைக் கட்சி அரசியல்வாதி மால்டே ஷ்பிட்ஸ் காட்டினார். தன்னைப் பற்றித் தொலைபேசி நிறுவனம் வைத்திருந்த ஆறு மாதப் பதிவுகளை வழக்குத் தொடுத்து வாங்கினார். 35,000க்கும் மேற்பட்ட வரிகள். 2011இல் ‘டி சைட்’ வார இதழின் இணையதளம் அவற்றை, அவரே பொதுவெளியில் எழுதியவற்றோடு சேர்த்து, வரைபடத்தில் ஏற்றியது. அவர் ரயிலில் எந்த ஊரைக் கடந்தார், எந்த நகரில் இரவு தங்கினார், எந்த நேரத்தில் போன் ஓய்ந்தது என்று யாரும் மணிவாரியாகப் பின்தொடர முடிந்தது. இத்தனைக்கும் எதிர்முனை எண்கள் அதில் இல்லை. அவையும் இருந்திருந்தால் அவருடைய நட்பு வட்டமே வெளியே வந்திருக்கும்.

கண்காணிக்கப்படுகிறோம் என்ற நினைப்பே நடத்தையை மாற்றிவிடும். 2008இல் ஃபோர்சா நிறுவனம் ஜெர்மனியில் நடத்திய கருத்துக்கணிப்பில், போதை மீட்பு ஆலோசகரையோ மனநல மருத்துவரையோ தொலைபேசி, மின்னஞ்சல் வழியாக அணுக மாட்டோம் என்று பாதிக்கும் சற்று மேற்பட்டோர் கூறினர். கணிப்புக்கு ஏற்பாடு செய்தவர்கள் உத்தரவை எதிர்த்த அமைப்பினர் என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

ருமேனிய அரசமைப்பு நீதிமன்றம் 2009இலும், ஜெர்மன் அரசமைப்பு நீதிமன்றம் 2010 மார்ச்சிலும் உத்தரவை நடைமுறைப்படுத்திய தத்தம் நாட்டுச் சட்டங்களை ரத்து செய்தன. ஜெர்மனியில் மனுதாரர்கள் மட்டும் ஏறக்குறைய 35,000 பேர். 2014 ஏப்ரல் 8 அன்று, ‘டிஜிட்டல் ரைட்ஸ் அயர்லாந்து’ வழக்கில், ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் உத்தரவையே செல்லாததாக்கியது. குற்றத்தோடு தொடர்பே இல்லாதவரின் பதிவும் சேமிக்கப்படுகிறது; தொழில்ரீதியாக ரகசியம் காக்க வேண்டியவர்களுக்குக்கூட விலக்கில்லை; பதிவுகளை யார் பார்க்கலாம் என்பதற்குத் தெளிவான வரையறை இல்லை. தீர்ப்பு கண்ட முக்கியக் குறைகள் இவை.

இருந்தும் பல நாடுகள் தம் சட்டங்களை விடவில்லை. 2016இல் அதே நீதிமன்றம் ஸ்வீடன், பிரிட்டன் சட்டங்களை ஆராய்ந்து, எல்லோருடைய பதிவுகளையும் மொத்தமாகச் சேமிப்பதற்கு மீண்டும் தடை சொன்னது. 2020இல் பிடி சற்றுத் தளர்ந்தது: கடுங்குற்றங்களைத் தடுக்க ஐ.பி. முகவரிகளை வரம்புக்குட்பட்ட காலம் வைத்திருக்கலாம் என்றது. 2024 ஏப்ரலில் இன்னும் ஒரு படி இறங்கி, திரைப்படங்களையும் பாடல்களையும் இணையத்தில் சட்டவிரோதமாகப் பகிர்பவரின் அடையாளத்தை அறியவும், பாதுகாப்பு நிபந்தனைகளோடு, ஐ.பி. முகவரிகளைப் பயன்படுத்த பிரான்சுக்கு இடம்கொடுத்தது.