சிசேரியன் தழும்புக் குறைபாடு: மதிப்பீட்டின் வரலாறு

சிசேரியனில் கருப்பையைக் கீறித் தைத்த இடம் சரிவரக் கூடாமல், உட்புறம் பள்ளம் விழுவதோ சுவர் மெலிவதோ சிசேரியன் தழும்புக் குறைபாடு எனப்படும். மாதவிலக்கு முடிந்த பின்னும் உதிரம் கசிவது, அடுத்த கரு தழும்பிலேயே தங்குவது, பிரசவ வலியில் தையல் விடுவது ஆகியவை இதனுடன் தொடர்புபடுத்தப்படுகின்றன.

கருப்பையைத் தைத்து மூடும் முறையை 1882இல் மாக்ஸ் சேங்கர் வகுத்தார். 1920களில் மன்றோ கெர் பரப்பிய கீழ்ப்பகுதிக் குறுக்குக் கீறல், மேற்பகுதி நெடுக்குக் கீறலைவிட அடுத்த பிரசவ வலியை நன்றாகத் தாங்கியது. பழைய ஆபரேஷன் சீட்டைப் படிப்பது, அடிவயிற்றைத் தொட்டு வலி கேட்பது, நாடித்துடிப்பைக் கவனிப்பது ஆகியவையே நெடுங்காலம் மதிப்பீடாக இருந்தன. 1961இல் பாய்ட்வின், சாயம் செலுத்தி எடுத்த எக்ஸ்ரே படங்களில் தழும்புப் பள்ளங்களை ஆராய்ந்தார்.

ஸ்கேன் வந்த பிறகே தழும்பு அளவுக்கு உட்பட்டது. வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கையில், நிரம்பிய சிறுநீர்ப்பையின் கருமைக்கும் குழந்தையின் தலைக்கும் இடையே அந்தச் சுவர் மெல்லிய பட்டையாகத் தெரியும். அதில் மிக மெலிந்த இடத்தை அளப்பார்கள். பிரான்சில் ரோசன்பெர்க் குழு 642 கர்ப்பிணிகளை இவ்வாறு அளந்து 1996இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டது. சுவர் 4.5 மில்லிமீட்டருக்கு மேல் இருந்த 278 பேரில் ஒருவருக்கும் குறைபாடு இல்லை, 2.5 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவாகவோ இருந்த 51 பேரில் 8 பேருக்கு இருந்தது. அதாவது மிக மெலிந்த சுவர் கொண்டவர்களிலும் பெரும்பாலோருக்குத் தையல் பழுதின்றியே இருந்தது. எல்லைக்கோடாக அக்குழு வைத்த 3.5 மில்லிமீட்டர் இன்னும் விவாதத்தில் உள்ளது. கர்ப்பம் இல்லாத காலத்தில் பிறப்புறுப்பு வழி ஸ்கேனே வழக்கம். சலைன் செலுத்திப் பார்த்தால் கூடுதல் பள்ளங்கள் தெரிகின்றன. குறைந்தது 2 மில்லிமீட்டர் ஆழம் இருந்தால் பள்ளமாகக் கொள்ளலாம் என 2019இல் ஐரோப்பிய வல்லுநர்கள் ஒத்துக்கொண்டனர்.

ஒற்றை அடுக்குத் தையலா, இரட்டை அடுக்கா என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. இந்தியா உட்பட ஏழு நாடுகளில் நடந்த கொரோனிஸ் ஆய்வு, பிந்தைய கர்ப்பங்களில் குறிப்பிடத்தக்க வேறுபாட்டைக் காணவில்லை. பள்ளத்தைப் பற்றி அது முடிவு சொல்வதாகக் கொள்ள முடியாது.

தேசியக் குடும்பநல ஆய்வுகளின்படி தமிழகத்தில் சிசேரியன் பிரசவங்கள் 2015–16இல் 34.1 விழுக்காடு, 2019–21இல் 44.9. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது இங்கே வழக்கம் ஆதலால், முதல் ஆபரேஷன் ஓர் ஊரிலும் அடுத்த பிரசவம் வேறோர் ஊரிலும் நடப்பதுண்டு. எம்.ரெட்டியபட்டி போன்ற திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு, இரண்டாம் பிரசவத்துக்கு அருப்புக்கோட்டைக்கு வரும் பெண்ணிடம் பழைய டிஸ்சார்ஜ் சீட்டு இருந்தால் அது பெரிய துணை. அதிலுள்ள ‘எல்.எஸ்.சி.எஸ்.’ என்ற நான்கு எழுத்துகள் கீழ்ப்பகுதிக் கீறல் என்பதைச் சொல்லிவிடும். கருப்பைவாய் எவ்வளவு திறந்திருந்தபோது கீறினார்கள், கீறல் பக்கவாட்டில் கிழிந்ததா, பிறகு காய்ச்சல் வந்ததா என்ற விவரங்களை எந்த ஸ்கேனும் தராது.

அறிகுறிகளோடு கூடிய பள்ளத்தைத் தனிக் கோளாறாக வரையறுக்கும் சர்வதேச உடன்பாடு 2023இல் வெளியானது.