காசிம் - பாபு: ஸ்ரீரங்கத்து நாதஸ்வர சகோதரர்கள்... ஒரு ஜோடி எப்படி உருவாகிறது?

கல்யாண வீடோ, கோயில் திருவிழாவோ, நாதஸ்வரம் வாசிப்பவர்களைக் கவனித்திருப்பீர்கள். பெரும்பாலும் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று வாசிப்பார்கள். வயலினுக்கோ வீணைக்கோ இந்தக் கட்டாயம் இல்லை, ஒரே ஆள் கச்சேரியை முடித்துவிடலாம். நாதஸ்வரத்துக்கு மட்டும் ஏன் ஜோடி? அந்த ஜோடி ஏன் பல நேரம் அண்ணன் - தம்பியாகவே இருக்கிறது?

இதற்குப் பதில் தேடினால், திருச்சிக்குப் பக்கத்தில் ஸ்ரீரங்கத்தில் ஒரு நல்ல உதாரணம் கிடைக்கிறது. அங்கே பல ஆண்டுகளாகச் சேர்ந்து வாசித்து வரும் சகோதரர்கள் காசிம், பாபு. நாதஸ்வர மேதை ஷேக் சின்ன மௌலானாவின் பேரன்கள், அவருடைய சீடர்களும்கூட.

யார் இந்த சின்ன மௌலானா?

1924-ம் ஆண்டு மே 12-ம் தேதி, ஆந்திராவில் ஓங்கோல் பக்கம் உள்ள கரவதி என்ற ஊரில் பிறந்தவர் சின்ன மௌலானா. வீட்டில் பேசியது தெலுங்கு. பரம்பரைத் தொழில் நாதஸ்வரம்.

முஸ்லிம் குடும்பத்தில் நாதஸ்வரமா என்று தமிழ்நாட்டில் பலர் ஆச்சரியப்படுவார்கள். ஆனால் கடலோர ஆந்திராவில், குறிப்பாக ஓங்கோல், சிலக்கலூரிப்பேட்டை வட்டாரத்தில் இது புதுசு இல்லை. தலைமுறை தலைமுறையாகக் கோயில்களிலும் கல்யாணங்களிலும் நாதஸ்வரம் வாசிக்கும் முஸ்லிம் குடும்பங்கள் அங்கே நிறைய. சின்ன மௌலானாவும் சிலக்கலூரிப்பேட்டை ஆதம் சாஹிப்பிடம் பாடம் கேட்டவர்தான்.

வித்தை கையில் இருந்தது, ஊரில் பெயரும் இருந்தது. அதோடு நின்றிருந்தால் சொந்த மண்ணிலேயே வசதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் அவர் காதில் விழுந்தது வேறொரு வாசிப்பு. அது தஞ்சாவூர் பாணி. ராகத்தை அவசரமில்லாமல், நீண்ட மூச்சில் விரித்துக்கொண்டே போகும் வாசிப்பு அது. திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை அதன் உச்சம்.

அந்தப் பாணியைக் கற்க அவர் தேடிப் போனது நாச்சியார்கோவில் ராஜம் - துரைக்கண்ணு சகோதரர்களிடம். ஆக, பின்னாளில் ஒரு சகோதர ஜோடியை உருவாக்கப் போகிறவருக்கு குருவாக வாய்த்ததும் ஒரு சகோதர ஜோடியேதான்.

ஸ்ரீரங்கத்துக்கு ஏன் வந்தார்?

ரங்கநாதர் மீது அவருக்கு இருந்த பக்தி பலரும் அறிந்தது. 1960-களில் குடும்பத்தோடு ஸ்ரீரங்கத்தில் குடியேறினார். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் தீவு நகரம் அது. ஏழு பிரகாரங்கள், அவற்றைச் சுற்றி வீதிகள், வருஷம் முழுக்க ஏதாவது ஒரு உற்சவம். காது கொடுத்துக் கேட்க ஆள் இருக்கும் ஊர். நாதஸ்வரக்காரருக்கு வேறென்ன வேண்டும்?

அதற்கப்புறம் கௌரவங்கள் வரிசையாக வந்தன. 1977-ல் பத்மஸ்ரீ. 1998-ல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி. நாதஸ்வரக் கலைஞர்களுக்கு அபூர்வமாகவே கிடைத்திருக்கும் பட்டம் அது. அடுத்த ஆண்டே, 1999 ஏப்ரல் 13-ம் தேதி அவர் காலமானார்.

விருதுகளைவிட முக்கியமான ஒரு வேலையை அதற்கு முன்பே செய்திருந்தார். 1982-ல் ஸ்ரீரங்கத்தில் சாரதா நாதஸ்வர சங்கீத ஆசிரமத்தைத் தொடங்கினார். தான் அலைந்து தேடிக் கற்றதை, அடுத்தவர்கள் ஒரே இடத்தில் உட்கார்ந்து கற்க வழி செய்தார். அவருடைய சீடர்களில் காலீஷாபி - ஷேக் மஹபூப் சுபானி தம்பதி முக்கியமானவர்கள். கணவன் - மனைவி இருவரும் சேர்ந்தே மேடையில் வாசிப்பவர்கள். 2020-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

பேரன்கள் காசிமும் பாபுவும் இதே பள்ளியில் தயாரானவர்கள். தாத்தாவோடு சேர்ந்து வாசித்தே மேடையைக் கற்றுக்கொண்டார்கள். அவர் மறைவுக்குப் பிறகும் அந்தப் பாணியை ஜோடியாகவே எடுத்துச் சென்று கொண்டிருக்கிறார்கள்.

ஜோடி ஏன் தேவை?

முதல் காரணம் மூச்சு. நாதஸ்வரம் சாதாரணக் குழல் இல்லை. வாயில் வைக்கும் சீவாளியை உதட்டால் அழுத்தி, அடிவயிற்றிலிருந்து காற்றை ஊத வேண்டும். கல்யாண முகூர்த்தம் என்றாலும் சரி, விடிய விடிய நடக்கும் சாமி புறப்பாடு என்றாலும் சரி, மணிக்கணக்கில் ஒரே ஆள் ஊதினால் தாங்காது. ஒருவர் ராகத்தை விரிக்கும்போது மற்றவர் ஆதார ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இவர் விட்ட இடத்தில் அவர் எடுப்பார். கீர்த்தனை வந்தால் இருவரும் சேர்ந்துகொள்வார்கள். இசை அறுபடாது, வாசிப்பவருக்கும் இளைப்பாற நேரம் கிடைக்கும்.

இரண்டாவது காரணம் ஒலி. நாதஸ்வரம் திறந்தவெளிக்காக உருவான வாத்தியம். தவில் முழங்க, கூட்டம் நகர, மைக் இல்லாத காலத்தில் தெருக்கோடி வரை கேட்க வேண்டும். இரண்டு குழல் ஒன்றாகச் சேரும்போது அந்த நாதத்துக்கு ஒரு கனம் வந்துவிடுகிறது.

அண்ணன் - தம்பி என்றால் என்ன வசதி?

நாதஸ்வரத்தின் உலவில், அதாவது நீண்ட மர உடலில், விரல் வைத்து வாசிக்க ஏழு துளைகள் இருக்கும். கிளாரினெட்டில் இருப்பதுபோல விசைகள் கிடையாது. நுட்பமான ஸ்வரங்கள், கமகங்கள் எல்லாம் விரலைப் பாதி மூடுவதிலும், ஊதும் வேகத்திலும், உதட்டு அழுத்தத்திலும்தான் பிறக்கின்றன.

அதற்கு மேல் சீவாளி. காவிரிக் கரையில் விளையும் கொறுக்கை என்ற நாணலில் செய்வது. ஈரம் பட்டால் ஒரு மாதிரி, காய்ந்தால் ஒரு மாதிரி. அதனால்தான் குழலிலேயே உபரி சீவாளிகளைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். நாணலில் செய்த இரண்டு சீவாளி, மரத்தில் கடைந்த இரண்டு குழல், இரண்டு உதடு, இரண்டு மூச்சு. இத்தனையும் ஒரே சுருதியில் இழைய வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் காது கண்டுபிடித்துவிடும்.

ஒரே வீட்டில், ஒரே குருவிடம், விடியற்காலையில் ஒன்றாக அசுர சாதகம் செய்து வளர்ந்தவர்களுக்கு இது கொஞ்சம் எளிது. அடுத்தவர் எங்கே மூச்சு விடுவார், எந்தப் பிடியை எப்படி முடிப்பார் என்பது பார்க்காமலே தெரிந்துவிடும். வருமானக் கணக்கும் இதில் உண்டு. தனி ஆளாக இருப்பவர் ஒவ்வொரு கச்சேரிக்கும் ஒத்துப்போகும் கூட்டாளியைத் தேட வேண்டும். அண்ணன் - தம்பி என்றால் மேளத்தின் பாதி வீட்டிலேயே தயார்.

அதனால்தான் நாதஸ்வர வரலாற்றில் சகோதர ஜோடிகளுக்குப் பஞ்சமே இல்லை. கீர்த்தனைகளைச் சுத்தமாக, ஒரே குரல்போல வாசித்ததற்குப் பேர் போனவர்கள் திருவீழிமிழலை சகோதரர்கள். செம்பனார்கோவில் சகோதரர்கள் இன்னொரு பெரிய பெயர். 1968-ல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் சிவாஜி கணேசனும் ஏ.வி.எம். ராஜனும் அண்ணன் - தம்பியாக நாதஸ்வரம் வாசிப்பார்களே... அந்தத் திரை ஜோடிக்குப் பின்னால் உண்மையில் வாசித்ததும் ஒரு சகோதர ஜோடிதான். மதுரை எம்.பி.என். சேதுராமன் - பொன்னுசாமி.

பாப் இசை சகோதரர்களுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

உலக பாப் இசையிலும் சகோதரக் கூட்டணிகள் உண்டு. அவற்றில் பல, சண்டையால்தான் செய்தியில் அடிபட்டன. அமெரிக்காவின் எவர்லி பிரதர்ஸ் 1973-ல் பிரிந்து, பத்து ஆண்டுகள் கழித்துத்தான் மேடையில் மீண்டும் சேர்ந்தார்கள். பிரிட்டனின் ஓயசிஸ் இசைக்குழு 2009-ல் உடைந்தது. கல்லகர் சகோதரர்கள் திரும்ப ஒன்றாக மேடை ஏற 2025 வரை ஆனது. விதிவிலக்காக, 1970-களின் தொடக்கத்திலிருந்து தங்கள் போக்கிலேயே ஆல்பம் வெளியிட்டு வரும் ஸ்பார்க்ஸ் சகோதரர்கள் இருக்கிறார்கள்.

அங்கே பாட்டு எழுதுவது ஒருவர், பாடுவது ஒருவர் என வேலை பிரிந்திருப்பதும் சகஜம். நாதஸ்வரத்தில் அப்படி இல்லை. இரண்டு பேருக்கும் ஒரே வேலை. யார் பெரியவர் என்று காட்ட ஆரம்பித்தால் அன்றைக்கே வாசிப்பு கெட்டுவிடும். விட்டுக்கொடுப்பது இங்கே நல்ல குணம் மட்டும் இல்லை, தொழில் நுணுக்கமும்கூட.

'மத நல்லிணக்கம்' என்பது மட்டும்தானா?

சின்ன மௌலானா குடும்பத்தைப் பற்றிய செய்திகளில் தவறாமல் வரும் வார்த்தை 'மத நல்லிணக்கம்'. அது பொய்யில்லை. ரங்கநாதர் ஊரில் ஒரு முஸ்லிம் குடும்பம் நாதஸ்வரப் பள்ளி நடத்துவது இந்தக் காலத்தில் நினைவில் வைக்க வேண்டிய விஷயம்தான்.

ஆனால் அந்த ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டால் பாதிக் கதை விட்டுப்போகிறது. சின்ன மௌலானா தஞ்சாவூர் பாணியைப் பிறப்பால் பெறவில்லை. கேட்டு, ஆசைப்பட்டு, மொழியும் மாநிலமும் தாண்டி வந்து சம்பாதித்தார். பரம்பரை வாத்தியக்காரர்கள் தங்கள் பாணியைவிட்டு நகரத் தயங்கிய காலத்தில், தனக்கு எது வேண்டும் என்பதைத் தானே முடிவு செய்தார். அவருடைய சுதந்திரம் அதுதான். பேரன்கள் காலத்தில் அதே பாணி வீட்டுச் சொத்தாகிவிட்டது. ஒரு தலைமுறை தேர்ந்தெடுத்தது, அடுத்தடுத்த தலைமுறைக்குப் பரம்பரை ஆகிறது.

இனி என்ன சவால்?

நாதஸ்வரத்துக்குப் பின்னால் ஒரு பெரிய சங்கிலி இருக்கிறது. தஞ்சை மாவட்டம் நரசிங்கம்பேட்டையில் பழைய ஆச்சா மரத்தைக் கடைந்து குழல் செய்கிறார்கள். அந்த நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. திருவாவடுதுறையில் சீவாளி கட்டுகிறார்கள். வாசிப்பவர் குறைந்தால் இந்தக் கைகளுக்கும் வேலை குறையும்.

கேட்பவர்கள் பக்கமும் சிக்கல் உண்டு. கல்யாண மண்டபத்தில் 'கெட்டிமேளம்' சொன்னதும் வாசிக்க வேண்டும். மற்ற நேரத்தில் யாரும் காது கொடுப்பதில்லை. ஒரு தோடியை அரை மணி நேரம் விரிக்கத் தெரிந்த கலைஞரிடம், ஹிட் சினிமாப் பாட்டை எடுக்கச் சொல்லிச் சீட்டு வரும். பல வருஷ உழைப்பைக் கேட்கும் வித்தைக்கு முகூர்த்த நாளை மட்டும் நம்பிப் பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் யோசிப்பது நியாயம்தானே? அதிலும் இது ஜோடி வாத்தியம். ஒரு வீட்டிலிருந்து ஒரு பிள்ளை மட்டும் கற்றுக்கொண்டால் அவருக்கு இணை யார் என்ற கேள்வி வரும். ஸ்ரீரங்கத்து ஆசிரமம் போன்ற பள்ளிகளின் முக்கியத்துவம் அங்கேதான். ரத்த உறவு இல்லாதவர்களையும் அவை ஒரே பாணியில் வளர்க்கின்றன.

அடுத்த முறை எப்படிக் கேட்கலாம்?

கல்யாணத்துக்குப் போனால் பந்திக்கு ஓடும் முன் பத்து நிமிஷம் மேளக்காரர்கள் பக்கம் நின்று பாருங்கள். ஒருவர் ராகம் வாசிக்கும்போது மற்றவர் என்ன செய்கிறார் என்று மட்டும் கவனியுங்கள். அசையாமல் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். முன்னால் போகிறவர் எவ்வளவு தூரம் போனாலும் திரும்பி வந்து சேரும் இடம் அந்த ஸ்வரம்தான். ஜோடி என்றால் என்ன என்பது அங்கே புரிந்துவிடும்.